நம் சிங்கப்பூர்க் கொடியில் இருப்பது வளர்பிறையா, தேய்பிறையா? மாமனாருக்குப் பதில் சொல்லி உதவுங்கள்

தெங்கா மருமகள்
ஆகஸ்ட் 2, இரவு 10.47

வணக்கம். கேள்வி கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதை வைத்து எங்கள் வீட்டில் மூன்று நாளாக என் மாமனாரும் மகனும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

தெங்காவில் எங்களுக்குப் புது வீடு கிடைத்திருக்கிறது. பத்தாவது மாடி. தரை ஓடு, அலமாரி வேலை எல்லாம் முடிந்துவிட்டது. ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சப் போகிறோம். அதற்காக மன்னார்குடியிலிருந்து மாமனார் வந்திருக்கிறார். முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்திய வாத்தியார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் எதைப் பார்த்தாலும் படம் போட்டு விளக்கக் கை துறுதுறுக்கும்.

வீட்டைக் காட்ட அழைத்துப் போனோம். கார் நிறுத்துமிடத்தில் இறங்கியவர் நிமிர்ந்து பார்த்தார். எதிர் புளோக் முழுக்க, மாடிக்கு மாடி வரிசையாகக் கொடி. அழகாக இருக்கிறது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "என்னம்மா இது, ஊர் முழுக்கத் தேய்பிறையைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க?" என்றார்.

பிறகு காப்பிக்கடையில் உட்கார்ந்து டிஷ்யூ தாளில் படம் போட்டார். நிலாவின் வலது பக்கம் வெளிச்சமாக இருந்தால் வளர்பிறை, இடது பக்கம் வெளிச்சமாக இருந்தால் தேய்பிறை. நம் கொடியில் வளைவு இடது பக்கம். அப்படியென்றால் அது அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வருகிற நிலா. படம் தப்பே இல்லை, நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தேன்.

என் மகன் தொடக்கநிலை 3. "எங்க டீச்சர் வளர்பிறைன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க. வளர்ந்து வர்ற இளம் நாடு. தாத்தா சொல்றது தப்பு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இந்தப் பனிப்போர். மாமாவுக்குக் கொடி மேல் கோபம் ஒன்றும் இல்லை. "கட்டுங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. பால் காய்ச்சி முடிச்சதும் கட்டிக்கலாம். போற வீட்டுக்கு முன்னாடியே தேய்பிறை எதுக்கு?" என்கிறார். மகனோ தேசிய தினமான ஒன்பதாம் தேதிக்கு முன்னால் கட்டியே ஆக வேண்டும் என்கிறான். கணவர் வழக்கம்போல் இருவரிடமும் தலையாட்டுகிறார்.

இன்னொன்றையும் மாமா கேட்டார். "சீனாக் கொடியிலும் அஞ்சு நட்சத்திரம், இங்கேயும் அஞ்சு. ஏதாவது சம்பந்தம் உண்டா?" நான் குடியுரிமை வாங்கி நாலு வருஷம்தான் ஆகிறது. ஐந்து நட்சத்திரத்துக்கும் மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்று அப்போது மனப்பாடம் செய்தது நினைவிருக்கிறது. அதற்கு மேல் தெரியவில்லை. அவரோ மனப்பாடத்துக்கு மதிப்பெண் போடுகிற வாத்தியார் இல்லை.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோப்பி ஓ கொசோங்
ஆகஸ்ட் 2, இரவு 11.15

அக்கா, கொடியைத் தலைகீழாகக் கட்டினால் வளர்பிறை ஆகிவிடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். பிறை என்னவோ வலது பக்கம் திரும்பத்தான் செய்யும். ஆனால் வெள்ளை மேலே, சிவப்பு கீழே வந்து போலந்துக்காரர்கள் சொந்தம் கொண்டாட வந்துவிடுவார்கள்.

பையன் பக்கம் என் ஓட்டு.

---

வானம் பார்த்தவன்
ஆகஸ்ட் 3, காலை 6.20

இரவு ஷிஃப்ட் முடிந்து ஜூரோங் தீவிலிருந்து பேருந்தில் வந்துகொண்டே எழுதுகிறேன். தொலைநோக்கி வாங்கி ஏழு வருஷம் ஆகிறது. இந்த ஊர் மேகத்தை நம்பி அதை வாங்கினேனே என்று என் மனைவி இன்றைக்கும் சிரிப்பார்.

உங்கள் மாமனார் போட்ட படம் சரிதான். ஆனால் அது இந்த ஊர் வானம் இல்லை. சொல்லப்போனால் மன்னார்குடி வானமும் இல்லை. அந்தப் படம் லண்டன், பாரிஸ் போல வடக்கே தள்ளி இருக்கிற ஊர்களுக்குப் பொருந்தும். அங்கே சூரியனும் நிலாவும் சாய்வான பாதையில் இறங்கும். அதனால் மாலைப் பிறை வலது பக்கம் வெளிச்சத்தோடு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். பாடப்புத்தகங்கள் அங்கிருந்து வந்தன, படமும் கூடவே வந்துவிட்டது.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒன்றேகால் பாகைதான். சூரியன் இங்கே நேர் கீழாகப் போய் மறைகிறது. நிலாவில் சூரியன் இருக்கிற பக்கம்தானே வெளிச்சமாக இருக்கும்? சூரியன் நிலாவுக்குக் கீழே இருப்பதால் வெளிச்சமும் கீழ்ப்பக்கம். கொம்பு இரண்டும் மேலே. படகு மாதிரி. மாதத்துக்கு மாதம் கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாயும், அவ்வளவுதான். மன்னார்குடி பத்தரைப் பாகை, அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதைதான். நடராஜர் சடையில் இருக்கிற பிறையை நினைத்துப் பாருங்கள், கொம்பு மேல் நோக்கித்தானே இருக்கும்? சிலை வடித்த ஸ்தபதி வானத்தைப் பார்த்துச் செய்தார். நாம் புத்தகத்தைப் பார்த்துப் படித்தோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தேய்பிறையும் இங்கே படகுதான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கிழக்கே அதே படகைப் பார்க்கிறேன். உருவத்தை வைத்து இங்கே இரண்டையும் பிரிக்க முடியாது, நேரத்தை வைத்துத்தான் பிரிக்கலாம். ஏழு மணிக்குச் சூரியன் இறங்கிய பிறகு மேற்கே தெரிந்தால் வளர்பிறை. விடிவதற்கு முன் கிழக்கே தெரிந்தால் தேய்பிறை. கொடியில் மணி போடவில்லை.

இன்னும் ஒன்று. தென்கோளத்தில் படமே திரும்பிவிடும். மெல்பர்னில் இருக்கிற என் தங்கை மாலையில் பார்க்கிற வளர்பிறைக்கு இடது பக்கம்தான் வெளிச்சம், நம் கொடியில் இருப்பது போலவே. ஆக லண்டன்காரருக்கு அது தேய்பிறை, மெல்பர்ன்காரருக்கு வளர்பிறை. நடுவில் இருக்கிற நமக்கு இரண்டும் இல்லை.

---

தஞ்சோங் பகார் தாத்தா
ஆகஸ்ட் 3, மதியம் 2.05

மருமகளே, உங்கள் மாமனாரை எனக்குப் பிடித்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்தக் கொடியைப் பார்க்கிறேன். நம் ஆள் ஒருவர் வந்து இறங்கின முதல் வாரத்திலேயே இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

எனக்கு அந்தப் பிறையோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொடி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன், நட்சத்திரக் கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது.

என் அப்பா 1936ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர். துறைமுகத்தில் வேலை, துறைமுக குவார்ட்டர்ஸில் வீடு. அவர் இந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை, கொடிதான் அவர் தலைக்கு மேல் மாறிக்கொண்டே இருந்தது. வந்தபோது பிரிட்டிஷ் கொடி, அதோடு நீரிணைக் குடியேற்றக் கொடி. அதில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றுக்கும் சேர்த்து மூன்று கிரீடம். 1942ல் ஜப்பான்காரன் கொடி. அவன் போனதும், 1946ல் சிங்கப்பூர் தனிக் காலனி ஆனபோது, மூன்று கிரீடம் ஒரு கிரீடமாகக் குறைந்தது. 1959ல் இந்தப் பிறைக்கொடி. 1963 செப்டம்பரில் மலேசியாவோடு சேர்ந்தபோது மலேசியக் கொடி நாட்டுக் கொடி ஆனது, நம்முடையது மாநிலக் கொடி. 1965 ஆகஸ்ட் 9க்குப் பிறகு நம்முடையதே நாட்டுக் கொடி. அப்பா விரல் விட்டு எண்ணுவார். "ஒரே ஆளு, ஒரே ஊரு, எத்தனை கொடிக்கு சலாம் போட்டேன் பாரு" என்பார்.

1959 ஜூனில் தன்னாட்சி கிடைத்தது. பாதுகாப்பும் வெளியுறவும் இன்னும் வெள்ளைக்காரனிடம்தான். ஆனாலும் சொந்தமாகக் கொடி, சின்னம், கீதம் மூன்றும் வேண்டும் என்று அரசாங்கம் அவசரப்பட்டது. பொறுப்பு துணைப் பிரதமர் டோ சின் சாயிடம் போனது. தைப்பிங்கில் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் உடலியல் சொல்லிக்கொடுத்தவர். அவர் தலைமையில் இருந்த குழு இரண்டே மாதத்தில் வேலையை முடித்தது. நவம்பர் 11ஆம் தேதி சட்டமன்றத்தில் நிறைவேறியது. அப்போது கலாசார அமைச்சர் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் பிறந்த நம் எஸ். ராஜரத்தினம்.

முதலில் கொடி முழுக்கச் சிவப்பாக இருக்கட்டும் என்றுதான் யோசித்திருக்கிறார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓயாத காலம் அது. முழுச் சிவப்புக் கொடியைத் தூக்கினால் யார் என்ன நினைப்பார்கள்? அமைச்சரவை வேண்டாம் என்றது. அப்படித்தான் பாதி வெள்ளை வந்தது. சிவப்பும் வெள்ளையும் மட்டும் என்றால் பக்கத்திலேயே இந்தோனேசியா இருக்கிறது. ஆக மூலையில் ஏதாவது வேண்டும்.

இப்போது உங்கள் மாமனார் கேட்ட நட்சத்திரம். சம்பந்தம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட என்னால் முடியாது. சீனர்களுக்கு ஐந்து நட்சத்திரம் பிடித்திருந்தது, முஸ்லிம்கள் பிறையை விரும்பினார்கள், இரண்டையும் சேர்த்தோம் என்று லீ குவான் இயூவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிங்கப்பூர் ஒரு சீன நாடாகிவிடும் என்று மலாய்க்காரர்கள் பயந்துவிடக் கூடாது, அதற்குத்தான் பிறை என்று டோ சின் சாயும் சொல்லியிருக்கிறார். அது மனிதர்களைச் சமாதானப்படுத்திய கதை. ஐந்து லட்சியம், வளரும் இளம் நாடு என்பது சட்டமன்றத்தில் எழுதி வைத்த பொருள். சிவப்பு என்றால் உலகச் சகோதரத்துவம், மனிதர்களின் சமத்துவம். வெள்ளை என்றால் என்றும் நிலைக்கும் தூய்மை, நற்பண்பு. இரண்டு கதையும் உண்மைதான். கல்யாணப் பத்திரிகையில் ஒன்று அச்சடிப்போம், பெண் பார்த்த கதை வேறாக இருக்கும், இல்லையா?

ஒரு வித்தியாசத்தை மாமனாரிடம் காட்டுங்கள். சீனக் கொடியில் நட்சத்திரம் ஒன்று பெரியது, நாலு சிறியது. நம்முடையதில் ஐந்தும் ஒரே அளவு, வட்டமாக நிற்கின்றன, எதற்கும் தலைமை கிடையாது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

உங்கள் பையனுக்கும் ஒரு வேலை தருகிறேன். 1966ல் ராஜரத்தினம் எழுதிக்கொடுத்த உறுதிமொழியை அவன் தினமும் பள்ளியில் சொல்கிறான். கொடியின் ஐந்து லட்சியத்தில் நாலு அதில் இருக்கிறது. எது விட்டுப்போனது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். (அமைதி. சொல்லிவிடாதீர்கள்.)

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1959 டிசம்பர் 3, வியாழக்கிழமை. எனக்கு ஒன்பது வயசு, பள்ளி விடுமுறை. அன்றைக்குத்தான் நகர மண்டபத்தில் யூசோஃப் இஷாக் யாங் டி-பெர்துவான் நெகாராவாக, அதாவது அரசுத் தலைவராக, பதவி ஏற்றார். கொடியும் சின்னமும் கீதமும் அன்றுதான் வெளியே வந்தன. அப்பா என்னைப் பாடாங் திடலுக்குக் கூட்டிப் போனார். நான் பார்த்தது பெரும்பாலும் முன்னால் நின்றவர்களின் முதுகு. ஒன்பது வயசுப் பையனை யார் தோளில் தூக்குவார்கள்? கம்பத்தில் பாதிக்கு மேல் ஏறின பிறகுதான் கொடி என் கண்ணுக்குத் தெரிந்தது. காற்று அவ்வளவாக இல்லை. தொங்கியது.

அந்த வாரம் முழுக்க விசுவாச வாரம் என்று கொண்டாடினார்கள். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாரும் கொடி கட்ட வேண்டும் என்று பேச்சு. கடையில் வாங்கக் காசு ஏது? அம்மா சிராங்கூன் ரோட்டில் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் வாங்கி வந்தார். மாதிரிக்குப் பேப்பரில் வந்த படம். அது கறுப்பு வெள்ளை. எது சிவப்பு என்பதே முதல் சண்டை. நான் நேரில் பார்த்தவன் இல்லையா, மேலேதான் சிவப்பு என்று நிரூபித்தேன்.

பிறைக்கு அம்மா சாப்பாட்டுத் தட்டை வைத்து ஒரு வட்டம் போட்டார், அதன் மேல் சின்னத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்து இன்னொரு வட்டம். வெட்டி எடுத்துத் தைத்தாகிவிட்டது. அப்பா திருப்பிப் பார்த்து, பின்பக்கம் மொட்டையாக இருக்கிறதே என்றார். அம்மா அதே காகிதத்தை வைத்து இன்னொரு பிறை வெட்டினார். முன்பக்கம் எப்படித் தெரிகிறதோ அப்படியே பின்பக்கமும் இருக்க வேண்டும் என்று, இடது பக்கம் வளைவு வைத்தே தைத்தார். மறுநாள் காலையில் கட்டி, வெயில் பட்டபோது பார்த்தால் பிறையும் இல்லை, ஒன்றும் இல்லை. இரண்டு பிறையும் ஒன்றுக்கொன்று எதிராகச் சேர்ந்து முழு வட்டமாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் (அத்தை) அங்கிருந்தே "பூர்ணமா!" என்று கத்திச் சிரித்தார். பௌர்ணமியைத்தான் சொன்னார். அவர்களுக்கும் நமக்கும் அந்த வார்த்தை ஒன்றுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அம்மா உட்கார்ந்து தையலைப் பிரித்தார். பின்பக்கப் பிறையைத் திருப்பிப் போட்டுத் தைத்தார். முன்னால் இடது பக்கம் வளைவு இருந்தால் பின்னால் வலது பக்கம்தான் இருந்தாக வேண்டும். துணிக்கு இரண்டு பக்கம் உண்டு, மருமகளே. பூகோள வாத்தியார் அந்த இன்னொரு பக்கத்தைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

---

கடையநல்லூர்க்காரன்
ஆகஸ்ட் 3, மாலை 5.50

தாத்தா சொன்ன தையல் கதை அருமை.

பிறை என்றதும் எங்களைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், அதனால் ஒரு வார்த்தை. பள்ளியில் படிக்கும்போது கூடப் படித்த ஒருவன் "கொடியில உங்க மதச் சின்னம் இருக்கு" என்றான். நானும் பெருமையாக ஆமாம் என்றுவிட்டேன். வீட்டில் வந்து சொன்னதும் எங்கள் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பிறை நமக்குக் காலண்டர். அதைப் பார்த்து நோன்பு பிடிப்போம், அதைப் பார்த்துப் பெருநாள் வைப்போம். வணங்குவது பிறையை அல்ல." இங்கே நோன்பு தொடங்கும் நாளை இப்போது கணக்குப் போட்டுத்தான் அறிவிக்கிறார்கள், மேகத்தை நம்பியிருந்தால் முடியுமா? ஆனாலும் பெரியப்பா அந்தச் சாயங்காலம் புளோக்குக்குக் கீழே இறங்கி மேற்கே பார்ப்பதை விடவே இல்லை. வானம் பார்த்தவன் சொன்ன அதே படகைத்தான் தேடுவார். பெரும்பாலும் தெரியாது. பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிக் கோப்பி குடிப்பார்.

மலேசியக் கொடி, துருக்கிக் கொடி எல்லாவற்றிலும் பிறை இதே பக்கம்தான் வளைந்திருக்கிறது. அதன் முதுகு கம்பத்தைப் பார்க்கிறது, வாய் காற்றில் பறக்கிற பக்கம். வானத்தைப் பார்த்து வைத்த திசை மாதிரி எனக்குத் தெரியவில்லை, கம்பத்தைப் பார்த்து வைத்த திசை மாதிரிதான் தெரிகிறது.

---

ஐந்தாம் மாடித் தொண்டூழியர்
ஆகஸ்ட் 3, இரவு 9.30

பதினோரு வருஷமாக எங்கள் புளோக்கில் ஜூலை பிறந்தால் கொடி கட்டுவது என் வேலை. சண்டைக்குள் நான் வரவில்லை, கட்டுகிற விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

மாமனார் பால் காய்ச்சின பிறகு கட்டலாம் என்றால் தாராளமாகக் கட்டுங்கள், நேரம் இருக்கிறது. வீடுகளில் ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கம்பமும் இரவு விளக்கும் இல்லாமலே கொடி தொங்கவிடலாம். மற்ற மாதங்களில் என்றால் கம்பம் வேண்டும், இருட்டினால் விளக்குப் போட வேண்டும். கொரோனா வந்த 2020ல் மட்டும் ஏப்ரல் கடைசியிலேயே கட்ட அனுமதித்தார்கள். யாரும் வெளியே போக முடியாத அந்த நாட்களில் எதிர் புளோக்கில் ஒன்றிரண்டு கொடி தெரிந்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிறையும் நட்சத்திரமும் மேலே இடது பக்கம் வர வேண்டும். இதில்தான் நிறையப் பேர் தப்புச் செய்கிறார்கள். வீட்டுக்குள் நின்றுகொண்டு தங்களுக்கு இடது பக்கம் வருகிற மாதிரி கட்டிவிடுவார்கள், கீழே இருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியும். போன வருஷம் நாலு வீட்டுக் கதவைத் தட்டித் திருப்பிக் கட்டச் சொன்னேன். ஒரு வீட்டில் ஆன்ட்டி எனக்கே மைலோ கொடுத்து, "நீயே கட்டு" என்று ஏணியையும் கொடுத்துவிட்டார்.

கயிற்றை நாலு மூலையிலும் கட்டுங்கள். மேலே மட்டும் கட்டினால் மழைக்காற்றில் சுருட்டிக்கொண்டு கீழ்வீட்டுத் துணிக்கம்பில் மாட்டும். கிழிந்தாலும் சாயம் போனாலும் இறக்கிவிடுங்கள். இறக்கியதை அப்படியே குப்பைத்தொட்டியில் திணிக்காமல், மடித்துக் கறுப்புப் பையில் போட்டுக் கட்டிப் போட வேண்டும். 1959ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2022ல் புதுச் சட்டம் நிறைவேறி, 2023 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேண்டுமென்றே அவமதித்தால் 30,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. முன்பு அபராதம் 1,000 வெள்ளிதான். பயப்படாதீர்கள், கயிறு அவிழ்ந்ததற்கெல்லாம் யாரும் வர மாட்டார்கள். நான் மட்டும் வருவேன்.

---

தெங்கா மருமகள்
ஆகஸ்ட் 6, இரவு 11.02

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தாத்தா கோபித்துக்கொள்வார்.

வானம் பார்த்தவன் எழுதியதை முதலில் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே இருந்தார். லண்டன் என்றதும் எழுந்துபோய் அந்த டிஷ்யூ தாளை எடுத்து வந்தார், தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார். பூமியை வரைந்து, ரேகை போட்டு, நிலாவைச் சுற்றவிட்டு அரை மணி நேரம் கணக்குப் பார்த்தார். "அட ஆமாம்" என்று சொல்லவில்லை. "இவர் எந்தக் காலேஜ்?" என்று மட்டும் கேட்டார். அவர் பாராட்டுவது அப்படித்தான்.

இரண்டு நாளும் சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு மேற்கே பார்க்கக் கீழே போனார்கள். இரண்டு நாளும் மேகம். ஆனால் போகும்போது தனித்தனியாகப் போனவர்கள் வரும்போது பேசிக்கொண்டே வந்தார்கள். உறுதிமொழியில் விட்டுப்போன வார்த்தையை மகன் மின்தூக்கியிலேயே கண்டுபிடித்துவிட்டானாம். தஞ்சோங் பகார் தாத்தா கேட்டதைவிட ஒரு படி மேலே போய், "அமைதிக்குப் பதிலா மகிழ்ச்சியும் வளமும் இருக்கு" என்றான்.

இன்று மாலை புது வீட்டுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போனோம். மகன் கொடியைப் பையில் கொண்டுவந்திருந்தான், என்னிடம் சொல்லவே இல்லை. மாமா ஒன்றும் சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டார். தொண்டூழியர் சொன்னபடி வெளியிலிருந்து பார்த்தால் இடது பக்கம் வருகிற மாதிரி, கூடத்து ஜன்னல் கம்பிக்கு வெளியே நாலு மூலையிலும் கட்டினோம். கணவரைக் கீழே அனுப்பிக் கைபேசியில் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டோம்.

கட்டி முடித்து மாமா கூடத்தின் நடுவில் வந்து நின்றார். மேற்குப் பார்த்த ஜன்னல் அது. வெயில் கொடிக்குப் பின்னாலிருந்து அடித்தது. சிவப்பு தரை வரைக்கும் விழுந்தது. உள்ளேயிருந்து பார்க்கும்போது பிறை வலது பக்கம் வளைந்து நின்றது, டிஷ்யூ தாளில் அவர் வளர்பிறை என்று எழுதிய அதே படம்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாலை இங்கேயே காய்ச்சலாம், அடுப்பைக் கூடத்துல போடு" என்றார்.